கோணல் பொம்மை வாங்கப் போனேன்

விருத்தாசலத்துக்கு வண்டி மாற வேப்பூரில் இறக்கிவிடுவதாகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன கண்டக்டர், வேப்பூரைத் தாண்டி வெகுதூரம் போனபிறகுதான் என் பக்கம் திரும்பினார். "அட, நீங்க இன்னும் எறங்கலையா மேடம்?" என்றார், தப்பு என்னுடையது என்பதுபோல. நாலு வழிச் சாலை போடுகிறோம் என்று ஊர்ப்பலகை, புளியமரம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். எது வேப்பூர், எது வெறும் மண்மேடு என்று சென்னையிலிருந்து வருகிறவளுக்கு எப்படித் தெரியும்? வெயிலில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பஸ் கிளம்பிப் போனபிறகுதான் திட்டினேன்.

எதிர்ப்பக்கம் மல்லாட்டை மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். "விருத்தாசலமா? ஏறுங்க, நாங்களும் அங்கதான் போறோம்" என்று அந்த அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆளின் முழங்கை பட்டாலே முறைக்கிறவள் நான். இங்கே முன்பின் தெரியாத ஒருத்தி என் மடியில் அவித்த மல்லாட்டையைக் கை நிறைய அள்ளிக் கொட்டினாள். வேர்க்கடலையைத்தான் இந்தப் பக்கம் மல்லாட்டை என்கிறார்கள். உப்பு ஏறி, தோலோடு சப்பும்போதே ருசியாக இருந்தது.

"எதுக்கு இம்மாந்தூரம் வரீங்க?" என்று கேட்டாள்.

"ஸ்கூலுக்குப் பீங்கான் பொம்மை வாங்க."

"பிள்ளைங்க வெளையாடவா?"

"இல்லைங்க, ஒரு கண்காட்சிக்கு" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டு மல்லாட்டையை உரிக்கத் தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது சென்னைப் புறநகரில் ஒரு தனியார் தொடக்கப்பள்ளியில். 'வகுப்பறைக்கு வெளியேயும் கல்வி' என்று வாசலில் பெரிய போர்டு இருக்கும். யோகா, கராத்தே, ஸ்கேட்டிங், தோட்டக்கலை, மண்பொம்மைக் கலை என்று கீழே வரிசையாக எழுதியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொறுப்பாசிரியை நான்தான். தோட்டக்கலை என்றால் வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேன். மண்பொம்மை வகுப்பு ஒரே ஒரு தடவை நடந்தது. யூனிஃபார்மெல்லாம் சேறு என்று மறுநாள் காலை அம்மாமார்கள் வாசலில் திரண்டுவிட்டார்கள். அன்றோடு வகுப்பை மூட்டை கட்டினோம். போர்டை மட்டும் கழற்றவில்லை.

ஆண்டு விழாவுக்கு 'எங்கள் குழந்தைகளின் கைவண்ணம்' என்று கண்காட்சி வைப்பது வழக்கம். மற்ற வருஷங்களில் தெர்மோகோல் வீடும் எரிமலையும் பெற்றோர் செலவில் கடையிலிருந்து வந்து இறங்கும். இந்த வருஷம் தாளாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்யறாங்களாமே, நீங்களே போய்ப் பார்த்து வாங்கிட்டு வந்துடுங்க மிஸ். ஆனா ரொம்ப நல்லா இருந்துடக் கூடாது. பசங்க செஞ்ச மாதிரி இருக்கணும்" என்றார். சரியென்று தலையாட்டினேன். மூன்று நாள் வெளியூர், கரெக்‌ஷன் நோட்டு கிடையாது. உள்ளுக்குள் எனக்குக் குஷியாகவே இருந்தது.

விருத்தாசலம் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததுமே காற்றில் பீங்கான் மாவு பறந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. ஃபியூஸ் கட்டை செய்கிற இடம், ஜாடி செய்கிற இடம் என்று விசாரித்து விசாரித்து ஒரு பொம்மைப் பட்டறையைப் பிடித்தேன். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கூழ் மாதிரி கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புருவமெல்லாம் வெள்ளை. முதலாளி கோதண்டம், தொப்பையைத் தடவியபடி எனக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி அனுப்பிவிட்டு, "சொல்லுங்க மேடம், புள்ளையாரா, குபேரனா?" என்றார்.

"எதுவானாலும் சரிங்க. ஆனா கொஞ்சம் கோணலா வேணும்."

"கோணலாவா?"

"ஆமாங்க. மூக்கு, காது கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாப் போதும். குழந்தைங்க கையால செஞ்ச மாதிரி."

அவர் உள்ளே திரும்பி, "ஏம்மா வசந்தா, மெட்ராஸ் மேடத்துக்கு பொம்மை கோணலா வேணுமாம்!" என்று சத்தம் போட்டார்.

"இத்தினி நாளா கோணிச்சின்னா எங்களத் திட்டுனீங்களே அண்ணே" என்று வசந்தா எழுந்து நின்றாள். "அதுக்கும் ஆளு வருது பாருங்க!" பட்டறையே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அவர்கள் பாவம், முயற்சி செய்யாமல் இல்லை. சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கிய பொம்மைகளைக் கொண்டுவந்து பரப்பினார்கள். உடைந்த கடைச்சரக்கு, உடைந்த கடைச்சரக்கு மாதிரிதான் இருந்தது. வசந்தா ஈரம் காயாத பிள்ளையார் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினாள். குழந்தை செய்த மாதிரி இல்லை, லாரி ஏறின மாதிரி இருந்தது. "சாமி குத்தம் ஆயிடும்" என்று அவளே அதை மறுபடி கூழில் போட்டுவிட்டாள்.

கோதண்டம் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, என் புத்திய... வாங்க இப்படி" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு மரப்பலகை நிறைய பொம்மைகள். காலைவிடத் தும்பிக்கை தடித்த யானை. ஜன்னலுக்கு ஒரு தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டவுன் பஸ். குடத்தை இடுப்பில் வைத்தவுடன் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்ட ஒரு பெண். முட்டையைத் திரும்பிப் பார்க்கும் கோழி. எல்லாம் கோணல், எல்லாம் சுட்டு முடித்துக் கல் மாதிரி இருந்தன. அசல் கோணல். நான் தேடி வந்தது அப்படியே கண்ணெதிரே இருந்தது.

"பக்கத்துல யூனியன் ஸ்கூலு இருக்குது. வெள்ளிக்கிழமை ஆனா போதும், ஸ்டெல்லா டீச்சரு பிள்ளைங்கள ஓட்டிக்கிட்டு வந்துடும். மிச்சம் மீதி மண்ணு குடுப்பேன். சூளையில சந்து கெடைச்சா வெச்சுச் சுட்டுக் குடுப்போம். எடுத்துட்டுப் போங்க மேடம், அதுங்க வேற செஞ்சுக்கும்" என்றார் கோதண்டம்.

பஸ்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் குச்சியால் கீறி, 'மு. அய்யப்பன், 4-ம் வகுப்பு' என்று எழுதியிருந்தது. யானையைத் திருப்பினேன், அதிலும் ஒரு பெயர். எல்லாவற்றிலும் இருந்தது.

"எது யாருதுன்னு அடிச்சுக்குதுங்க. அதனால நாந்தான் சுடறதுக்கு முன்னாடி பேரு கீறச் சொன்னேன். சுட்ட எழுத்து, அழியாது" என்றவர், என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, "அடியில வெல்வெட்டு துணி ஒட்டிக்கிங்க. பெரிய கடையில எல்லாம் அப்படித்தான் ஒட்டி விக்கிறாங்க" என்றார்.

பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். வைக்கோல் வைத்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். வந்த வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் கடைவீதிக்குப் போய்ப் பச்சை வெல்வெட் துணியும் பசையும் வாங்கினேன். கோயில் கோபுரத்தை வெளியே இருந்தபடி கும்பிட்டதோடு சரி. ஒரு மெஸ்ஸில் தோசை சாப்பிட்டேன். சென்னையில் தோசைக்கு மூன்று கிண்ணத்தில் மூன்று சட்னி வரும், மூன்றும் ஒரே ருசியாக இருக்கும். இங்கே ஒரே சட்னிதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காரம் ஜாஸ்தியாங்க?" என்று பரிமாறியவர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

லாட்ஜ் அறையில் கட்டில்மேல் பொம்மைகளைக் கவிழ்த்து வைத்து, துணியை வட்டமாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டினேன். பெயர்களைப் பார்க்காமல் ஒட்டியிருக்கலாம். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் ஒட்டினேன், ஏனென்று தெரியவில்லை. பாதிப் பெட்டி முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று என்று படுத்துவிட்டேன்.

காலையில் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது லாட்ஜ் மேனேஜர் கதவைத் தட்டி, "உங்களப் பாக்க ஒரு டீச்சரம்மா வந்திருக்காங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. "நீங்கதான் மெட்ராஸ் மிஸ்ஸா? நான் ஸ்டெல்லா. கோதண்டம் அண்ணன் நேத்து ராத்திரியே போன் பண்ணி, நீங்க இங்க தங்கியிருக்கீங்கன்னு சொல்லிட்டாரு. எங்க பிள்ளைங்க பொம்மைய உங்க எக்ஸிபிஷன்ல வெக்கப் போறீங்களாமே!"

என் வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் வண்டிச் சாவி, வாய் ஓயாத ஆள். கோதண்டம் விஷயத்தில் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா குலுக்கிய குலுக்கலில், மீதிப் பாதி எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்று இழுத்தேன்.

"அட, அடுத்த வண்டி இல்லியா? இது ஜங்ஷனுங்க. பிள்ளைங்க உங்களப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. பொட்டிய எடுத்துக்குங்க, அனுப்பறதுக்கு முன்னாடி அதுங்களும் ஒரு தடவ பாத்துக்கட்டும்."

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அதன் சத்தத்துக்கு மேலே ஸ்டெல்லா கத்திக்கொண்டு வந்தார்.

"எம் மேல புகாரு போயிருக்குதுங்க. வெள்ளிக்கிழமையானா பாடம் நடத்தாம பிள்ளைங்கள ரோட்டுல மேய்க்கிறேனாம். ஜங்ஷனுக்குக் கூட்டிட்டுப் போயி வண்டி நேரத்தப் படிக்க வெச்சேன், அது பாடம் இல்லியா? சந்தையில எடைக்கல்லத் தூக்கிப் பாக்கச் சொன்னேன். மணிமுத்தாத்துல எறங்கி மண்ணு எத்தினி விதமின்னு அள்ளிப் பாத்தோம். அதெல்லாம் சுத்தறதாம்! வர்ற வாரம் அதிகாரி விசாரிக்க வராரு. இனிமே ஸ்கூல் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு எழுதி வாங்கிடுவாருன்னு பயந்துகிட்டிருந்தேன். மாதா புண்ணியத்துல நீங்க வந்தீங்க. மெட்ராஸ் ஸ்கூல்ல எங்க பிள்ளைங்க பேரோட வெச்சிருக்காங்க சார்னு சொன்னா, வாய மூடிக்கிட்டுப் போவாருல்ல?"

கேட் திறந்தது. நல்லவேளை, நான் பின்னால் இருந்தேன். என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டே அறை உள்ள பள்ளிக்கூடம். நான் இறங்கியதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு புதுத் துண்டை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினார்கள். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சத்துணவுக்குக் கொடுக்கிற கத்தரிச் செடியைக் காட்டினார்கள். உடைந்த பீங்கான் சில்லுகளைத் தரையில் பதித்து ஊரையே வரைந்திருந்தார்கள். கோயில், பஸ் ஸ்டாண்டு, சந்தை, யார் யார் வூடு எங்கே என்று கால் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்கள். ஒரு டம்ளரில் டீயும் இலையில் சுண்டலும் வந்தன.

"கடல் தண்ணி உப்புன்னு புக்குல இருக்குது. நீங்க வாயில வெச்சுப் பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

எங்கள் பள்ளிக்குக் கடல் கூப்பிடு தூரம். பிள்ளைகளை ஏற்றிப் போக மஞ்சள் பஸ்கூட நிற்கிறது. ஒரு வெள்ளிக்கிழமையாவது கூட்டிப் போயிருக்கிறேனா?

கரும்பலகையில் விருத்தாசலத்தில் ஆரம்பித்து எழும்பூர் வரைக்கும் ஸ்டேஷன் பெயர்களை வண்ணச் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"நாங்களும் வரப் போறோமில்ல!" என்று மொத்தப் பேரும் கத்தினார்கள்.

"ஆமாங்க, எக்ஸிபிஷனுக்கு இதுங்கள ரயில்ல கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன்" என்றார் ஸ்டெல்லா. "காலையில பெத்தவங்ககிட்டயும் கேட்டாச்சு. ஒருத்தரும் மெட்ராஸப் பாத்ததில்லீங்க. என்னிக்குன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா டிக்கெட்டுக்குச் சொல்லிடுவேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அய்யப்பன் தன் பஸ்ஸை எடுத்து, வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தான். பச்சை வெல்வெட்.

"டீச்சர், எம் பேரக் காணோம்."

"மேசையில கீறல் விழக் கூடாதில்லப்பா, அதுக்காக ஒட்டியிருக்கு" என்றேன். சரளமாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அவன் நம்பிவிட்டான். பக்கத்திலிருந்த ஒருத்தி விடவில்லை. "அப்ப யாரு செஞ்சதுன்னு அங்க வரவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"முன்னாடி சீட்டுல எழுதி வெப்பாங்கடி" என்று இன்னொருத்தி அவளை அடக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "எங்க பேர எழுதி வெப்பீங்கதான டீச்சர்?" என்றாள்.

ஸ்டெல்லா பஸ்ஸை வாங்கி வெல்வெட்டைக் கட்டைவிரலால் தடவினார். குனிந்து இன்னொரு பொம்மையைத் திருப்பினார். அதற்கப்புறம் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருப்பேனோ என்னவோ.

"சீட்டு வெப்போம்மா" என்றேன். "ஆனா அதுல எங்க ஸ்கூல் பிள்ளைங்க பேர்தான் இருக்கும்."

"ஏன் டீச்சர்?"

"எங்க பிள்ளைங்களுக்கு நாங்க மண்ணே குடுக்கல. யூனிஃபார்ம் அழுக்காயிடும்னு நிறுத்திட்டோம். அவங்க செஞ்ச மாதிரி காட்டறதுக்கு, நீங்க செஞ்சத எடுத்துட்டுப் போகப் பார்த்தேன். உங்களக் கேக்கவும் இல்ல. தப்பு என் மேலதான்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா, "நான் அதிகாரிகிட்ட..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் திரும்பிப் போய், டஸ்டரை எடுத்துக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். எழும்பூரிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாக அழித்துக்கொண்டே வந்தார்.

அய்யப்பன் நகத்தால் சுரண்டி வெல்வெட்டைப் பிய்த்தான். பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பஸ்ஸோடு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். அதைப் பார்த்து அடுத்தவன் வந்தான். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, தங்கள் தங்கள் பொம்மையை எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைசியில் பெட்டியில் வைக்கோல் மட்டும் கிடந்தது. அவர்கள் போர்த்திய துண்டு இன்னும் என் தோளில் இருந்தது. அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பதா, போட்டுக்கொண்டே வெளியே போவதா என்று தெரியவில்லை.

"ஜங்ஷனுக்கு ஆட்டோ சொல்றேன்" என்றார் ஸ்டெல்லா, கரும்பலகையைப் பார்த்தபடியே.

"உங்க அதிகாரிகிட்ட நான் வேணா வந்து பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னான்னு பேசுவீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு ஆட்டோவுக்குச் சொல்ல வெளியே போய்விட்டார்.

நான் குனிந்து பெட்டியை மூடப் போனேன். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். கையில் அந்தக் கோழி. அதை மெதுவாக வைக்கோல்மேல் வைத்தாள்.

"நீங்க எடுத்துட்டுப் போங்க டீச்சர்."

"வேணாம்மா, அது உன்னுது."

"வெறுங்கையோட போனா உங்கள அடிப்பாங்கல்ல?"

"அடிக்க மாட்டாங்கம்மா. திட்டுவாங்க."

அவள் யோசித்தாள். "எம் பேரு திவ்யா. உங்க ஸ்கூல்ல திவ்யான்னு யாராச்சும் இருக்காங்களா?"

வகுப்புக்கு ஒருத்தியாவது இருக்கிறாள். "இருக்காங்க" என்றேன்.

"அப்ப இது அவ செஞ்சதுன்னு சொல்லிடுங்க. அடியில திவ்யான்னுதான் இருக்குது. துணி ஒட்ட வேணாம்."

மற்றவர்கள் காதில் விழாதபடி, கையை வாய்க்குக் குவித்து வைத்துக்கொண்டு, என் காதோடுதான் சொன்னாள். எல்லார் முன்னாலும் சொன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விடுமாம்.